ரூம் கேட்டுப் போன இடம்

அப்போதெல்லாம் பூந்தமல்லியில் இறங்கினால் நான் தங்குவது ஒரு பழைய லாட்ஜில்தான். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். தொண்ணூறுகளில் ஒருமுறை, பம்பாயிலிருந்து காய்ச்சலோடு வந்து அங்கே ரூம் கேட்டேன். வாட்ச்மேன் சிரித்தார்.

"எந்தக் காலத்துல கீறே அண்ணாத்தே? லாட்ஜ மூடி வருசக்கணக்காவுது. இப்ப இது கலைக்கூடம். பசங்க படம் வரையுது."

படுக்க வேறு இடம் தெரியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து வந்த டீச்சர், "மாடலா உட்கார வேண்டியவர் வரல. நீங்க கொஞ்ச நேரம் அசையாம உட்காருங்க. ராத்திரி இங்கயே படுத்துக்கலாம்" என்றார்.

சுவர்களை இடித்து, ரூம்களை ஒரே கூடமாக்கியிருந்தார்கள். நடுவில் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஓரிடத்தில் உட்கார முடியாமல் எட்டாம் வகுப்போடு ஓடிவந்தவன் நான். கால் துடித்தது. படுக்க இடமே வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

"ஐயோ, போவாதீங்கண்ணே! இன்னும் ஒரு கண்ணு பாக்கி கீது" என்று ஒரு பெண் கத்தினாள்.

இதே கட்டடம் லாட்ஜாக இருந்தபோது தினமும் கதவைத் தட்டி, எப்போது காலி செய்வாய் என்றுதான் கேட்பார்கள். போகாதே என்று யாரும் எங்கேயும் என்னிடம் சொன்னதில்லை. உட்கார்ந்தேன்.

மறுநாள் பஸ் ஏறிவிட்டேன். என் குணம் அப்படி. ஆனால் இப்போதெல்லாம் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும், யாராவது கூப்பிடுகிறார்களா என்று வாசலில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போகிறேன்.