செம்பனைக் குடிசையும் சனிக்கிழமை ஓட்டமும்

பள்ளி வேன் ஓட்டும் தொழிலில் ரோடு ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை எல்லாம் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கும். மலேசியாவில், லுக்குட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகிறேன். பெண் பிள்ளை பெற்ற மகராசர்களே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். மகள் வயதுக்கு வரும் நேரத்தில் வீட்டுக்கு வீடு பெற்றவர்கள் முழிக்கும் முழி எனக்கு அத்துப்படி. அதற்காகவே டேஷ்போர்டு டிராயரில் ஒரு பாக்கெட் பேட் எப்போதும் வைத்திருக்கிறேன்.

மிஸ்ஸியின் வெட்கம்

என் வேனில் வரும் ஒரு பிள்ளையின் அம்மா கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். தோட்டத்துப் பெண்களுக்கு உடம்பைப் பற்றி எது சொல்வதானாலும் சுவரில் படம் மாட்டி, குச்சி வைத்துக் காட்டி, கூச்சமே இல்லாமல் விளக்குவார். நானே போய்க் கேட்டிருக்கிறேன். ஒருநாள் காலையில் வேனை நிறுத்தி, என் காதருகில் குனிந்து, "மகளுக்குப் பன்னிரண்டு ஆவுது, அந்த விஷயத்த நீங்களே சொல்லிடுங்களேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊருக்கே பாடம் எடுக்கிறவர் நீங்கள்தானே என்றேன். அவர் முகம் சிவந்துபோய்ச் சொன்னார்: "கிளினிக்ல அது வேல லா. வீட்ல எனக்கு வெக்கமா இருக்கு."

தர்ஷினி இறங்கவில்லை

இனி நான் சொல்லப்போவது எல்லாம் தர்ஷினி கதைதான். இடைநிலைப்பள்ளியில் முதல் வருஷம், படிவம் ஒன்று படிக்கிறாள். அம்மா அவள் குழந்தையாக இருக்கும்போதே நோயில் போய்விட்டார். அப்பா சேகர் தோட்டத்தில் எண்ணெய் ஆட்டும் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறார். பிள்ளை காற்றாய் ஓடுவாள். அந்த வாரம் சனிக்கிழமை பள்ளித் திடலில், நாங்கள் சொல்லும் பாடாங்கில், நானூறு மீட்டர் ஓட்டம். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். வேனில் ஏறினால் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

செவ்வாய்க்கிழமை மதியம் மற்ற பிள்ளைகள் இறங்கிப் போன பிறகும் அவள் பின் சீட்டில் பையை மடியில் அணைத்தபடி அசையாமல் இருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. என் குளிர் ஜாக்கெட்டைக் கொடுத்து இடுப்பில் கட்டச் சொன்னேன், டிராயரிலிருந்து பேட்டை எடுத்து நீட்டினேன். பயந்திருப்பாள் என்று விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவள் குறுக்கே விழுந்து, "எனக்கு எல்லாம் தெரியும் ஆன்ட்டி, ஸ்கூல்ல டீச்சர் சொல்லிட்டாங்க. அப்பாவுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. அவருக்கு யாரு சொல்றது?" என்றாள்.

டயரும் இதுவும்

நான்தான் சொன்னேன். சேகர் வாசலில் லோரி கழுவிக்கொண்டிருந்தார். கேட்டதும் சிரித்தார், கண் கலங்கினார், ரப்பர் குழாயைத் தன் காலிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரிடம் போகவேண்டுமா என்றார். இது நோய் இல்லை, வயிறு வலித்தால் வெந்நீர்ப் பையைக் கொடுங்கள், முதலில் சிரித்த முகமாய் உள்ளே போய் அவளிடம் பேசுங்கள் என்றேன். போனார். என்ன பேசினாரோ, வெளியே வந்தவர் நேராக லுக்குட் பாய் கடைக்கு மோட்டார் சைக்கிளை விட்டார்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு வீடியோ கால். அலமாரி முழுக்க வண்ண வண்ணப் பாக்கெட்டுகள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, மெல்லிசு, தடிப்பு. பின்னால் கடைக்கார பாய், "எனக்கு மூணு பொண்ணு தம்பி, அந்தப் பச்சைய எடுங்க" என்கிறார். சேகர் பச்சையையும் எடுத்தார், நீலத்தையும் எடுத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ரெண்டு எடுத்தார். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ரகசியமாய்ச் சொன்னார்: "டயர்னா சைஸ் சொல்லிக் கேட்டுடலாம் விமலாக்கா, இதுக்கு என்னத்தச் சொல்லிக் கேக்கறது?"

மாமன் கட்டிய குடிசை

பக்கத்து வீட்டில் சேகரின் அக்கா பார்வதி இருக்கிறார். செய்தி அவர் காதுக்குப் போனதும் வீடு அவர் கைக்குப் போய்விட்டது. தாய்மாமன் ஓலைக் குடிசை கட்டவேண்டும். சடங்கு வைத்துத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை அதில்தான் இருக்கவேண்டும், வாசல் தாண்டக்கூடாது. பள்ளி இல்லை. அப்படியென்றால் சனிக்கிழமை ஓட்டமும் இல்லை.

தாய்மாமன் முரளி சிரம்பானில் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவர். ஓலை என்றால் ஓலை, தோட்டம் முழுக்கத்தான் கிடக்கிறதே என்று வெட்டிப்போட்ட செம்பனை மட்டைகளை இழுத்துவந்து புறக்கடையில் குடிசை கட்டிவிட்டார். செம்பனை மட்டையின் அடியில் இரண்டு பக்கமும் முள் வரிசையாக இருக்கும். கட்டி முடிப்பதற்குள் அவர் இரண்டு கையிலும் பிளாஸ்டர். பார்வதி உள்ளே நுழைந்து பார்க்கப்போய், சேலை ஒருபக்கம் மாட்டி, தலைமுடி ஒருபக்கம் மாட்டி, முரளி வந்து பிரித்தெடுத்தார். தென்னை ஓலை கொண்டுவரச் சொல்லி பார்வதி அவரைக் கடலோரச் சி ரூசாவுக்கு விரட்டிவிட்டுத் தம்பியிடம் சொன்னார்: "குடிச கட்டச் சொன்னா உன் மச்சான் வேலி கட்டி வெச்சிருக்கான்."

முன் சீட்

வெள்ளிக்கிழமை மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்போது சேகர் வீட்டு வாசலில் பார்வதி வேனை மறித்தார். "நாளைக்கு இங்க நிறுத்த வேணாம். தண்ணி ஊத்தாத பிள்ள பாடாங்ல போய் ஓடுனா நாலு பேரு என்ன பேசுவாங்க? காத்து கருப்பு அடிச்சிட்டா?" ஜன்னலில் தர்ஷினி முகம் தெரிந்தது, அழுது வீங்கிய முகம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அது என் வீடு இல்லை. சேகரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: "பிள்ளையக் கேட்டீங்களா?" அவர் தலையைச் சொறிந்தார். ஆளாளுக்கு முடிவெடுத்தார்களே தவிர, அவளை யாருமே கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை வேண்டுமென்றே அங்கே நிறுத்தினேன். கதவு திறந்தது. முன்னால் சேகர், பின்னால் விளையாட்டு உடையில் தர்ஷினி. வாசலில் பார்வதி. சேகர் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, சடங்க நீங்க சொல்றபடியே வெப்போம். குடிசையும் இருக்கட்டும். ஆனா நான் அவளக் கேட்டேன், ஓடணும்ங்கறா. அவ அம்மா இருந்தா கேட்டிருப்பா. நான் கேக்காம இருந்தா எப்படி?"

பார்வதி விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்விட்டார். சண்டைதான் என்று நினைத்தேன். காத்து கருப்பு அண்டாமலிருக்க வேப்பிலைக் கொத்தும் ஒரு பழைய இரும்புச் சாவியுமாகத் திரும்பி வந்து, என் பக்கத்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "தனியா எல்லாம் அனுப்ப முடியாது. வண்டிய எடு."

பாடாங் முழுக்க

ஓட்டம் தொடங்கியதும் வேலிக்குப் பக்கத்தில் நின்று அதிகம் கத்தியவர் பார்வதிதான். நாலு பேரைப் பற்றிய கவலையெல்லாம் எங்கே போனதோ, வேப்பிலையை ஆட்டி ஆட்டி, "ஓடுடி என் தங்கம்" என்று கத்தியதில் அவருக்குத் தொண்டையே கட்டிப்போனது. கடைசித் திருப்பத்தில் தர்ஷினி நாலாவது. பிறகு ஒருத்தியைத் தாண்டினாள், கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியையும் தாண்டினாள். இரண்டாவது இடம். மாவட்டப் போட்டி உறுதி. நான் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

சேகர் பையைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் ஓடினார். அதில் தண்ணீர், துண்டு, பாய் கடையில் வாங்கிய நாலு வகையும் இருந்தன. பாக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, லோரி ஓட்டுகிற குரலில், "தர்ஷினி, பேட் மாத்தணுமாம்மா? அப்பா பச்சயும் கொண்டாந்திருக்கேன், நீலமும் கொண்டாந்திருக்கேன்" என்றார். மூச்சு வாங்க வந்த பிள்ளை பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "மெதுவா பேசுங்க லா ப்பா, பாடாங் முழுக்க கேக்குது."

பிள்ளைகள் இதையெல்லாம் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள்; பெற்றவர்களுக்குத்தான் என் வேனில் தனியாகச் சீட்டு போடவேண்டியிருக்கிறது.