கூட்டல் பக்கம் மாட்டிய சாவி

பீரோ லாக்கர் சாவியை நான் கரைத்துவிட்டபோது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். லாக்கருக்குள் அப்பாவின் பாஸ்போர்ட் இருந்தது. மறுநாள் மாலை நான்கு மணிக்கு அவர் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கிருந்து விமானம்.

அப்பா வளைகுடாவில் ஓர் அலுமினியம் கம்பெனியில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் சங்கரன்கோவிலுக்கு வருவார். முதல் பத்து நாள் எனக்கு அவரிடம் கூச்சமாக இருக்கும். கூச்சம் போய், அவர் தட்டிலிருந்து அப்பளத்தை எடுக்கிற அளவுக்கு நெருங்கும்போது பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

வேலையைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். "வாட்ச் ஏன்ப்பா கட்ட மாட்டேங்கீங்க?" என்று கேட்டதற்கு மட்டும் ஒருமுறை பதில் சொன்னார். "அங்கன வாட்ச் ஓடாது மக்கா. அவ்வளவு கரண்டு. பக்கத்துல போனாலே காந்தம் மாதிரி இழுக்கும், நின்னு போவும்." நேரமே ஓடாத ஓர் இடத்தில் அப்பா இரண்டு வருடம் இருந்துவிட்டு வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் மின்னாற்பகுப்புப் பாடம் நடத்தினார்கள். உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அதிலுள்ள பொருள்கள் பிரிந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போய்ச் சேரும். கவரிங் வளையலுக்குத் தங்கமுலாம் பூசுவதும், சைக்கிள் ஹேண்டில்பாருக்குப் பளபளப்பு ஏற்றுவதும் இப்படித்தான். கடைசி வரியில், அலுமினியமும் இந்த முறையில்தான் எடுக்கப்படுகிறது என்று இருந்தது. அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டேன். அப்பாவைப் பற்றி ஒரு புத்தகத்தில் போட்டிருந்தது அது ஒன்றுதான்.

அப்பா கிளம்புவதற்குள் அவருக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று தவித்தேன். புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த மாமா மரத்துக்கு அடிக்க மயில்துத்தம் வாங்குவார். செம்பு கலந்த நீலநீலமான கட்டிகள். முந்தின தடவை போனபோதே கொஞ்சம் கேட்டு வாங்கிப் பொட்டலம் கட்டி வைத்திருந்தேன். பழைய செல்போன் சார்ஜரின் வயரை அறுத்து இரண்டாகப் பிரித்தேன். முலாம் பூசுவதற்கு அந்தப் பித்தளைச் சாவிதான் கண்ணில் பட்டது. கறுத்துப் போய் ஆணியில் தொங்கியது. அப்பா பாஸ்போர்ட் எடுக்கச் சாவியைத் தொடும்போது அது புதுச் செம்பு மாதிரி மின்ன வேண்டும்.

எந்தப் பக்கம் சாவி, எந்தப் பக்கம் செம்புக் கம்பி என்பதில் ஒரு கணம் குழம்பினேன். புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் எனக்கு அது கணக்காகத் தோன்றியது. கூட்டல் குறி உள்ள பக்கம் மாட்டினால்தானே செம்பு கூடும்? சாவியைக் கூட்டல் பக்கச் சிவப்பு வயரிலும் செம்புக் கம்பியை மற்ற வயரிலும் கட்டி, மயில்துத்தம் கரைத்த கண்ணாடித் தம்ளருக்குள் இறக்கி, கட்டிலுக்கு அடியில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். அன்று முழுக்க மாமா வீட்டில் விருந்து. இருட்டித் திரும்பியதும் அலுப்பில் படுத்துவிட்டேன்.

காலையில் குனிந்து பார்த்தபோது, செம்புக் கம்பி முழுக்கச் சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. சாவியின் கைப்பிடி அப்படியே இருந்தது. கரைசலுக்குள் இருந்த பகுதி மீன்முள் அளவுக்கு மெலிந்து, ஒரு பல் கூட இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது.

தம்ளரோடு கொண்டுபோய் அப்பாவிடமே நீட்டினேன். அவர் சாவியைத் தூக்கிப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார்.

"சிவப்பு வயர்ல மாட்டினியோ?"

தலையாட்டினேன். அழுகை பொங்கிவிட்டது.

"அழாத. எங்க கம்பெனியிலயும் இதே கததான். மேல தொங்குத கரி கரைஞ்சுகிட்டே வரும், கீழ அலுமினியம் சேரும். ஒண்ணு கரையாம ஒண்ணு சேராது" என்றார். பிறகு அடுப்படியைப் பார்த்து, "ஏட்டி, உம்மவ லாக்கர் சாவியத் தின்னுட்டா" என்று சத்தம் கொடுத்தார்.

அம்மா வெளியே வந்து பார்த்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடுப்படிக்கே திரும்பிப் போய்விட்டாள்.

பூட்டுக்காரரைக் கூப்பிட அப்பா உடனே கிளம்பவில்லை. சட்டையைக்கூடப் போடவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் சைக்கிளின் பழைய பூட்டுச் சாவி ஒன்றைத் தேடி எடுக்கச் சொன்னார். வயரை மாற்றிக் கட்டினார். "தண்ணிய ரொம்ப ஆட்டாத" என்றார். நாங்கள் இருவரும் தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். சாவியின் ஓரத்தில் ரோஜா நிறம் ஏறி, மெதுவாக நடுவுக்குப் பரவியது. அம்மா இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவது தடவை எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பார்த்தாள். அத்தனை நாள் லீவில் நாங்கள் மூன்று பேரும் வெறுமனே உட்கார்ந்திருந்தது அன்று காலையில்தான். வெளியே விசைத்தறிச் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்தது. அப்பா சட்டையை மாட்டினார். "சரி, பூட்டுக்காரர் யாரையாச்சும் கூட்டிட்டு வாரேன். இனியும் இருந்தா பஸ்ஸு போயிரும்."

அவர் வாசல்படி இறங்கியதும் அம்மா, "இருங்க" என்றாள். அடுப்படிக்குள் போனாள். டப்பாக்கள் உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு சாவி. அதே பித்தளை, அதே அளவு. பருப்பு ஒட்டியிருந்தது.

"இன்னொண்ணு இருந்துச்சா? காலையில இருந்து எங்கன இருந்துச்சு?"

"இங்கனதான் இருந்துச்சு."

அப்பா அவளையே பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் சாவியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் கையை நீட்டிய பிறகுதான் கொடுத்தாள்.

எனக்கு அம்மா மேல் கோபமான கோபம். காலையிலேயே கொடுத்திருந்தால் நான் அத்தனை அழுதிருக்க வேண்டாமே. பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். அம்மா வரவில்லை, தலைவலி என்றாள். பஸ் புறப்படுவதற்கு முன் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு ரொம்ப மறதிப்பா. எத எங்க வச்சோம்னே தெரிய மாட்டேங்கு" என்று புகார் சொன்னேன்.

"ஆமா மக்கா" என்றார் அப்பா. பஸ்ஸுக்குள் ஏறியவர் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருட்டில்கூட கை நீட்டிக் கடுகு டப்பாவைச் சரியாக எடுக்கிறவள் அம்மா. வீட்டில் யார் எதைத் தொலைத்தாலும் அவளிடம்தான் போய்க் கேட்போம். அன்றைக்கு அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.