வெறுங்கை

வேட்டைக்குப் போக நாய்க்குப் பள்ளிக்கூடமாம்! சுவிஸில், ஃப்ரிபூர்க் பக்கத்தில் அப்படியொரு இடத்தில்தான் எனக்கு வேலை. கூண்டில் வளர்த்த காடைகளைப் புல்லுக்குள் ஒளித்து வைப்பேன். நாய் மோப்பம் பிடித்து, முன்காலைத் தூக்கி அசையாமல் நின்று இடம் காட்டவேண்டும்.

“அண்ணை, கையுறை போடுங்கோ. உங்கட மணம் காடையில ஒட்டினா நாய் பிழையாப் பழகிடும்,” என்றாள், இங்கேயே பிறந்த பயிற்சியாளர் மீரா.

“கூண்டுக் காடைக்குக் கையுறையோ? மூளையில்லாத இந்த மொக்கு நாய்க்கு என்ன விளங்கும்?” என்று இளக்காரமாகச் சிரித்தேன். கடைசிவரை வெறுங்கைதான்.

பரீட்சை நாளில் அந்த நாய் புல்லுக்குள் இருந்த காட்டுக் கௌதாரியைத் தாண்டி ஓடிவந்தது. நடுவர்கள் பார்த்திருக்க, வேலியோரம் நின்ற என் முன்னால் முன்காலைத் தூக்கிச் சிலையாக நின்றது.

மீரா என் கைகளைத்தான் பார்த்தாள்.

நாய் பரீட்சையில் தோற்றது. ஆனால் மொக்கு எங்கே நிற்கிறது என்பதை அது சரியாகத்தான் காட்டியது.