கழன்று விழ வேண்டிய ராக்கெட்

நிலாவுக்குப் போகும் ராக்கெட்டை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் விளக்குவது என் வேலை. ஒரே விஷயத்தை நூறு ஊரில் சொல்லிப் பிழைக்கிறவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

ராக்கெட் தகரம். ஆள் உயரம். மூன்று அடுக்கு. கம்பி ஸ்டாண்டில் தொங்கவிட்டு விசையை இழுத்தால் அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழும். உச்சியில் விரல் அளவு மூன்று பொம்மைகள். அவர்கள்தான் விண்வெளி வீரர்கள்.

இந்த வருஷத்தோடு வேனை நிறுத்திவிடலாமா என்று, அதை நடத்தும் அறக்கட்டளையில் பேச்சு. எழுபது தாண்டிய ஆளை இன்னும் எதற்கு அலையவிட வேண்டும் என்கிறார்களாம். வேன் நின்றால் நான் வீட்டில் உட்கார வேண்டும். அது என்னால் ஆகாது. கீழ்வேளூருக்கு ஒரு மேடம் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

யார் வயலில்?

தாராசுரம் பக்கம் ஒரு கிராமம். தரையிலிருந்து கிளப்புகிற பாரம் முழுக்க அடி அடுக்கின் தலையில்தான், இரண்டு மூன்று நிமிஷத்தில் எரிபொருள் தீர்ந்ததும் கழன்று கடலில் விழும் என்றேன். எவ்வளவு பெரிசு என்று கேட்டார் ஒரு விவசாயி. அது மட்டுமே பத்து மாடிக்கு மேல் என்றேன். அவர் ராக்கெட்டைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தன் வயலைப் பார்த்தார்.

"தப்பி இங்க விழுந்தா எவன் தூக்குவான்? அறுப்பு மிஷினே எங்க சேத்துல புதையுதுங்க."

முப்பது கிலோ

நாகூர் பக்கம் ஒரு பள்ளி. இரண்டாம் அடுக்கு இன்னும் மேலே ஏற்றிவிட்டு விழும், மூன்றாவது நிலாப் பக்கம் தள்ளிவிட்டுக் கழலும், எரிபொருள் தீர்ந்த காலி டாங்கைச் சுமந்துகொண்டே போனால் ஊர் போய்ச் சேர முடியாது என்று அரை மணி நேரம் விளக்கினேன். முன்வரிசையில் மளிகைக்கடை ஜப்பார் பாய். இருபது வருஷம் துபாயில் இருந்தவர். கொட்டாவி விட்டார். புரியவில்லையா பாய் என்றேன்.

"ஏர்போர்ட்ல முப்பது கிலோவுக்கு மேல போனா பெட்டியைப் பிரிச்சு அங்கேயே போட்டுட்டுத்தானே வர்றோம். ஆள் வந்து சேந்தா போதாதா? இதுக்கா சார் அரை மணி நேரம்?"

செல்வராஜ் செய்த உபகாரம்

செல்வராஜ் எங்கள் டிரைவர். நல்ல மனுஷன். அதுதான் தொல்லை. ஒவ்வொரு ஊரிலும் அடுக்குகள் விழுந்து நசுங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. கீழ்வேளூருக்கு முதல் நாள், எனக்குச் சொல்லாமல், மூன்று இணைப்பிலும் பசை வைத்து ரிவெட்டும் அடித்துவிட்டார்.

மறுநாள் மேடம் முதல் நாற்காலியில், மடியில் நோட்டு. விசையை இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். ஸ்டாண்டுதான் ஆடியது. ஓரமாய் நின்ற செல்வராஜ் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"இனிமே எத்தனை ஊரு போனாலும் கழலாது சார்."

கீழ்வேளூர்

மேடம் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். கழலாவிட்டால்தான் என்ன, மூன்றும் சேர்ந்தே நிலாவுக்குப் போகட்டுமே என்றார். நூறு ஊரில் சொன்ன பதில். அதைச் சொல்லாமல் விசையையே மறுபடி இழுத்தேன். இந்த வாரமே வீட்டில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நடவு முடித்துவிட்டு நேரே வந்தவள், காலில் சேறு காயவில்லை. எங்க ஊருத் தேரு பாத்திருக்கீங்களாம்மா என்று மேடத்தையே கேட்டாள். மேடம் இல்லை என்றார்.

"தேரு அசையற வரைக்கும் பின்னாலேருந்து புல்டோசர் தள்ளும். அசைஞ்சப்புறம் அதையும் தேருல கட்டியா இழுத்துக்கிட்டுப் போவோம்?"

கூடம் சிரித்தது. மேடம் எழுதிக்கொண்டார். போகும்போது என்னிடம் வந்தார். முடிவு என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அவரே சொன்னார்.

"வண்டி ஓடட்டும் சார். முதல்ல அந்த ரிவெட்டை எடுங்க."

எடுத்தாயிற்று, தீர்ந்துபோன அடுக்கைக் கழற்றிவிட்டால்தான் மேலே போக முடியும் என்று இன்றைக்கும் ஊர் ஊராய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என்னை மட்டும் இன்னும் யாரும் கழற்றிவிடவில்லை.