பரக்கத் ஹோட்டலின் வெள்ளிக்கிழமைச் சோறு

மாத்தளை டவுனில் சாப்பாட்டுக் கடை மூடுவது ஒன்றும் புதினமில்லை. திருகோணமலை வீதியில் ஒரு முனையில் ஒன்று திறந்தால் மறுமுனையில் ஒன்று மூடும். அதற்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இத்ரூஸ் கோக்கி சமைத்த கடை மூடினால் மட்டும் யாரும் காரணம் தேடிச் சிரமப்படுவதில்லை. "இத்ரூஸ் அடுப்பு பத்த வச்ச கடதானே" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்து முடிப்பார்கள். அந்தத் தேத்தண்ணீரும் அநேகமாக இத்ரூஸ் அடுத்து வேலைக்குச் சேர்ந்த கடையின் தேத்தண்ணீராகத்தான் இருக்கும். வெட்கம் கெட்ட ஊர்.

கடை திறக்கும் நாளில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. லெப்பை ஃபாத்திஹா ஓதி முடித்ததும் கோக்கிதான் பிஸ்மி சொல்லி முதல் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். முதல் கோப்பைத் தேத்தண்ணீர் பள்ளிவாசல் மோதினாருக்குப் போகும். அதன் பிறகுதான் வியாபாரம். கடைக்கு நல்லது நடந்தால் முதலாளியின் கெட்டித்தனம். கெட்டது நடந்தால் நெருப்பு வைத்த கை. இந்த நியாயத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, அவன் நிச்சயம் கோக்கியாக இருந்திருக்க மாட்டான்.

இத்ரூஸ் முதலில் நெருப்பு வைத்தது 1949இல், ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில். அது அண்ணன் தம்பி இருவரின் கடை. இரண்டு வருஷத்தில் சண்டை பிடித்துப் பாகம் பிரித்தார்கள். சமையலறை அண்ணனுக்கு, மேசை நாற்காலி தம்பிக்கு. நடுவில் சுவரும் கட்டினார்கள். சமைத்ததை எங்கே வைத்துச் சாப்பிடுவது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அடுத்த கடையை அரிசி விலை ஏறிய வருஷம் கொண்டுபோனது. மூன்றாவது கடையின் முதலாளி ஐம்பத்தெட்டில் கலவரத்தோடு கண்ணாடி அலுமாரி நொறுங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு லொறி ஏறினார், திரும்பி வரவில்லை. பலாபத்வலயில் ஒரு கடை. அங்கே நின்றுகொண்டிருந்த லொறிகள் ஒரு நாள் வேறிடத்தில் நிற்கத் தொடங்கின, அவ்வளவுதான். பிறகு காயல்பட்டணத்துக்காரர் ஒருவரின் கடை. அவர் விசா முடிந்து ஊருக்குப் போனார். கலேவெலக் கடை முதலாளி இரண்டாம் தாரம் கட்டினார், மூத்தவள் கடைச் சாவியைக் கிணற்றில் போட்டாள்.

ஆறு கடை. ஆறிலும் இத்ரூஸின் குற்றம் கடுகளவும் கிடையாது. அவர் கை ஆணத்துக்காக உக்குவளையிலிருந்து பஸ் ஏறி வந்து சாப்பிட்ட ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. புதுக் கடை போடுகிறவர்கள் அவரைச் சமையலுக்கு மட்டும் கூப்பிட்டு, நெருப்பு வைக்க வேறு ஆளைத் தேடினார்கள். பிறகு சமையலுக்கும் கூப்பிடாமல் விட்டார்கள். "என்ட கையில ஒண்டும் இல்ல" என்று அவர் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறார். கேட்கத்தான் ஆளில்லை.

அந்த நிலைமையில்தான் 1970இல் ஸக்கரியா முதலாளி வந்தார். மிளகும் கொக்கோவும் வாங்கி விற்ற மனிதர். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் பரக்கத் ஹோட்டலைத் திறந்தார். திறப்பு நாளன்று அவருடைய மச்சான் காதுக்குள் என்னவோ ஓதினார். ஸக்கரியா கேட்டுக்கொண்டார். பிறகு சபை முழுக்கப் பார்க்க நெருப்புப் பெட்டியை எடுத்து, மூத்த அண்ணனை அழைப்பதுபோல் அழைத்து, இத்ரூஸின் கையில் வைத்தார்.

"நானா, நீங்க பத்த வைங்க. பரக்கத் தாறது அல்லாஹ், ஊர் இல்ல."

இத்ரூஸ் அன்று இரண்டு குச்சியை வீணாக்கினார். மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். எந்தக் கடையிலும் அவர் நான்கு வருஷம் முழுதாக நின்றதில்லை. இந்த ஒன்று நின்றுவிட வேண்டும். தொழுதுவிட்டுக் கை ஏந்தினால் வேறெதுவும் கேட்பதில்லை. மகள் பீபிக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கிடைத்தபோதுகூட அதற்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுக் கடைக்காகத்தான் துஆக் கேட்டார்.

பீபியைப் பற்றிச் சொன்னால் நியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அவளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டாள் என்றாகிவிட்டது. அப்போது அவர் மனைவி றம்லா நியத்து வைத்தாள். பிள்ளை எழும்பினால் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சுண்டு அரிசி, வாப்பா உழைக்கிற அடுப்பிலேயே பொங்கி, பசித்து வருகிறவருக்குக் கொடுப்பது. பிள்ளை எழும்பினாள். அன்றிலிருந்து எந்தக் கடையில் வேலை செய்தாலும் வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு அரிசி ஒரு சுண்டைச் சின்னத் துணியில் முடிந்துகொண்டுதான் இத்ரூஸ் புறப்படுவார். ஜும்ஆவுக்குப் போவதற்கு முன்னால் பின்வாசலில் இலையில் கட்டிக் கொடுத்துவிடுவார்.

எழுபத்து மூன்றில் எல்லாம் தலைகீழாகியது. பாணுக்கு விடியற்காலையிலேயே கியூ. மா இல்லை, சீனி இல்லை, அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோனால் பிடிப்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் கடைகளில் சோறு பரிமாறக் கூடாது என்று சட்டம் வந்தது. பரக்கத் ஹோட்டலில் அந்த நாட்களில் மரவள்ளிக் கிழங்கும் சம்பலும்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பசியோடு வருகிற ஆட்களுக்கு முன்னால் கிழங்கை வைக்க இத்ரூஸ் கூசிப்போவார்.

"நானா, அந்த நியத்துச் சோத்த இனி ஊட்டுல ஆக்கினா என்ன?" என்று ஸக்கரியா கேட்டார்.

"உழைக்கிற அடுப்புல எண்டுதான் வச்ச நியத்து, மொதலாளி. நாங்க விக்கல்லயே."

ஸக்கரியா தாடியைத் தடவிக்கொண்டார். "சரி. பின்வாசலோட முடிச்சிடுங்க. முன்னுக்கு ஒரு பருக்க வரக் கூடாது."

பின்வாசலுக்கு வருகிறவர்களில் ஒருத்தி பாப்பம்மா. உக்குவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். தோட்டத்தில் அப்போது வேலையும் இல்லை, மாவும் இல்லை. ரயில் பாதையோரமாக நடந்தே வருவாள். அவள் கை நீட்டி யாரும் பார்த்ததில்லை. வரும் வழியில் பறித்த வல்லாரைக் கட்டொன்றைப் படியில் வைப்பாள். "சும்மா வாங்கித் திங்கிற பழக்கம் நமக்கு இல்லீங்க" என்பாள். அந்த வல்லாரையை இத்ரூஸ் மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. ஸக்கரியா நேரத்தோடு பள்ளிக்குப் போய்விட்டார். கடையில் தேத்தண்ணீர் போடுகிற செபஸ்தியன் மட்டும் இருந்தான். பின்வாசல் தகரம் ஓட்டையாகி அருவியாகக் கொட்டியது. அதற்குள் பாப்பம்மா நின்றுகொண்டிருந்தாள், உதடு நீலம் பாய்ந்து, கையில் அந்த வல்லாரைக் கட்டு. இத்ரூஸ் இலையைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். இவ்வளவு காலத்தில் ஒரு நாளாவது இந்த மனுஷியை உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறோமா என்று தோன்றியது. அந்த நினைப்பு அவருக்கு வந்திருக்கவே கூடாது.

"உள்ளுக்கு வாங்க. இப்பிடி இரிங்க."

கடைசி மேசையில் உட்கார வைத்தார். இலையை விட்டுவிட்டுக் கடைத் தட்டிலேயே சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றினார். முன் கதவைப் பாதி சாத்தியிருந்தார்கள். பாப்பம்மா நான்கு வாய் சாப்பிட்டிருப்பாள். கதவைத் தள்ளிக்கொண்டு குடையோடு ஓர் உத்தியோகத்தர் வந்தார். சோறு போடுகிற கடைகளைப் பிடிக்கத்தான் அன்று வீதி வீதியாகப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் தட்டைச் சுட்டிக் காட்டிச் சிங்களத்தில் சத்தம் போட்டார். இத்ரூஸ் சிங்களத்தில் நிதானமாகவே பதில் சொன்னார். இது விற்ற சோறில்லை, என் வீட்டு அரிசி, சதக்கா, இந்த மனுஷி காசு கொடுக்கவில்லை என்றார். உத்தியோகத்தர் பொல்லாத மனிதரில்லை. குடையை மடக்கினார். பாப்பம்மாவின் பக்கம் திரும்பி, தெரிந்த தமிழில் கேட்டார்.

"அம்மா, இது சும்மா தந்ததா?"

பாப்பம்மாவுக்குச் சிங்களம் விளங்கியிருக்கவில்லை. விரல் நீட்டிச் சத்தம் போட்ட ஒரு துரையைத்தான் அவள் கண்டாள். திருட்டுச் சோறு என்கிறார் என்று நினைத்தாளோ, பிச்சைக்காரி என்கிறார் என்று நினைத்தாளோ. எழும்பி நேராக நின்றாள்.

"சும்மா இல்லீங்க தொர. காசு குடுத்துத்தான் சாப்புடுறேன். இவங்களையே கேளுங்க."

உத்தியோகத்தர் இத்ரூஸைப் பார்த்தார். பாப்பம்மாவும் பார்த்தாள். எச்சில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, இந்த ஒரு தடவை என்னைக் காட்டிக் கொடுத்துவிடாதே என்று கேட்கிற பார்வை. பொய் சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை போதும். வல்லாரைக் கட்டு கண்ணெதிரே கிடந்தது. செபஸ்தியன் கண்ணைக் காட்டிக் காட்டிப் பார்த்தான். இத்ரூஸ் வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

உத்தியோகத்தர் எழுதிக்கொண்டு போனார். பாப்பம்மா மீதிச் சோற்றைத் தொடாமல் மழைக்குள் இறங்கினாள்.

"ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே நானா!" செபஸ்தியன் தலையில் அடித்துக்கொண்டான். "அதுக்கு என்ன, ஒரு நிமிசம் வெக்கமாப் போயிருக்கும். நமக்குக் கடையே போகுதே!"

கடை போனது. மா, சீனி எடுக்கிற பெமிட்டை வெட்டினார்கள். ஸக்கரியா யார் யாரையோ கண்டு கெஞ்சிப் பார்த்தார். மாவும் சீனியும் இல்லாமல் என்ன ஹோட்டல்? மாதம் முடியும் முன்னால் பலகைகளைப் போட்டு மூடினார். முன்னுக்கு இருத்தியது என் பிழை என்று இத்ரூஸ் அவரிடம் சொல்லத்தான் செய்தார். வாயை மூடிக்கொண்டு நின்ற கதையைச் சொல்லவில்லை. ஸக்கரியா அவர் தோளைப் பிடித்தார்.

"உங்கட கை இல்ல நானா. இது கவுமெண்ட் மூடின கட."

அதையேதான் ஊர் முழுக்கச் சொன்னார். அதிசயம், ஊரும் அதையே சொன்னது. அந்த வருஷம் அத்தனை கடை மூடியிருந்தது, எல்லோருக்கும் திட்டுவதற்கு அரசாங்கம் இருந்தது. இத்ரூஸின் கையை யாருக்கும் ஞாபகமில்லை. சந்தையில் கண்டவர்கள் பாவப்பட்டு ஸலாம் சொன்னார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் எதிர்பார்த்த நியாயம் அது. இப்போது அது அவரைக் கொன்றது.

கொஞ்ச நாளில் செபஸ்தியன் வீட்டுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உக்குவளைத் தோட்டத்து ஆட்களைக் கண்டானாம். பாப்பம்மா லயத்து அறைக்குள்ளேயே செத்துக் கிடந்தாளாம். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் டவுனுக்கே வரவில்லையாம். றம்லா "இன்னா லில்லாஹி" என்றாள். இத்ரூஸ் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய மானத்தைக் காப்பாற்றப் போய், வயிற்றுக்குக் கிடைத்த ஒரு நாள் சோற்றையும் அல்லவா அடைத்துவிட்டார்.

எழுபத்தைந்தில் அதே கட்டடத்தை ஹுசைன் ஹாஜியார் குத்தகைக்கு எடுத்தார். புதுப் பெயர்ப் பலகை, புது மேசைகள். ஆள் அனுப்பாமல் தானே வீட்டுக்கு வந்து கேட்டார். "ஒங்கட கை ஆணம் இல்லாம மாத்தளையில ஹோட்டல் போடலாமா?" என்றார். வீட்டில் இரண்டு வருஷமாக ஒழுங்கான வருமானம் இல்லை, நியத்துச் சோறும் நின்றுபோய்க் கிடந்தது. றம்லா சாரமும் சேர்ட்டும் தோய்த்துக் காய வைத்திருந்தாள். போகாமல் எப்படி இருப்பது?

ஃபாத்திஹா ஓதி முடிந்தது. ஹாஜியார் சிரித்த முகத்தோடு நெருப்புப் பெட்டியை நீட்டினார். முணுமுணுக்க ஒருவரும் இல்லை. பின்வரிசையில் நின்ற ஸக்கரியாகூட, வாங்குங்க என்று தலையை அசைத்தார். இத்ரூஸ் பெட்டியை வாங்கிக் குச்சியை எடுத்தார். அடுப்புக்கு நேரே, சமையலறை வாசலுக்கூடாக, அந்தக் கடைசி மேசை இருந்த இடம் தெரிந்தது.

"எனக்கு ஏலா ஹாஜியார்" என்றார்.

"என்ன நானா, சும்மா ஊர்ப் பேச்சு... அத இப்ப ஆரு நம்புற?"

"நான் நம்புறேன்."

நெருப்புப் பெட்டியை அடுப்பு மேட்டில் வைத்துவிட்டு, பின்வாசலால் இறங்கி நடந்தார். தகரத்தைப் புதிதாக மாற்றியிருந்தார்கள், ஒரு சொட்டு ஒழுகாது. ஹாஜியார் தானே குச்சி உரசிப் பற்ற வைத்தாராம். அந்தக் கடை எவ்வளவு காலம் நின்றது என்று பார்க்க இத்ரூஸ் அந்தப் பக்கம் போகவேயில்லை.