வலம் மட்டுமே வரும் வீரன்

எங்கள் ஊர் மலையில் ஏற்றும் தீபத்துக்கு உறவுக்காரர்கள் வருவார்களே என்று வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தோம். பரணைக் காலி செய்தபோது ஒரு பிளாஸ்டிக் பையில் என் பழைய டிராயிங் நோட்டுகள் நான்கு கிடைத்தன. வேலை அங்கேயே நின்றது. ஏணிக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நோட்டு முழுக்க ஒரே ஆள்தான். முதுகில் சிவப்புத் துணி, பேண்ட்டுக்கு மேலே ஜட்டி, எங்கள் ஊரைக் காக்கப் பிறந்த பறக்கும் வீரன். பெயர் கிடையாது, பெயர் வைப்பதில் எனக்கும் தங்கைக்கும் வந்த சண்டை இன்றுவரை தீரவில்லை. காலில் செருப்பும் கிடையாது. மலை சுற்றுகிறவன் செருப்பு போடுவானா?

பெரிய தொல்லை அவன் பறக்கிற வழிதான். மலையே சாமி என்பதால் உச்சிக்கு மேலே பறக்கக் கூடாது. சுற்றித்தான் போகவேண்டும், அதுவும் மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும். இது தங்கை போட்ட சட்டம். ஒரு கதையில் வீரன் செங்கம் ரோட்டில் இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறான். கோயில் பக்கம் ஒரு கடையில் திருடன் புகுந்துவிடுகிறான். திரும்பிப் பறந்தால் இரண்டே நிமிடம். ஆனால் திரும்பினால் மலை இடக்கைக்கு வந்துவிடுமே! அதனால் நம்மாள் மிச்ச மலையையும் சுற்றிக்கொண்டு நோட்டில் ஐந்து பக்கத்துக்குப் பறந்து வருகிறான். அதற்குள் திருடன் கடையை வழித்துத் துடைத்துக்கொண்டு போய் ஓட்டலில் தோசை சாப்பிடுகிறான். இரண்டாவது தோசைக்கு ஆசைப்பட்டதால்தான் மாட்டினான்.

பத்து வயது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, மலை ஒவ்வொரு பக்கத்துலயும் வேற வேற மாதிரி இருக்குது, செமையா இருக்குப்பா. எல்லாம் நீயா வரைஞ்ச?"

"பின்ன?" என்றேன், கூசாமல்.

உண்மையில் வீரனின் கைகள் மட்டும்தான் என்னுடையவை. பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். மலை, முகம், காற்றில் துணி பறக்கும் அழகு எல்லாமே தங்கை வரைந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு நோட்டைப் பள்ளிக் கண்காட்சியில் என் பெயரில் வைத்தேன். முதல் பரிசு. அப்பா பூரித்துப்போய் எனக்குப் பெரிய கலர் பாக்ஸ் வாங்கித் தந்தார். தங்கை வாயே திறக்கவில்லை. அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லி வந்தேன்.

கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்ட அவள் மறுநாள் வருவதாக இருந்தது. நோட்டைத் திரும்பப் பரணில் ஏற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கக்கேடு. ஆனால் மகள் விடவில்லை.

தங்கை வந்தாள். தோசைப் பக்கத்தைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அத்தே, அப்பா எப்படி வரைஞ்சிருக்காரு பாருங்க!" என்றாள் மகள்.

தங்கை என்னை ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான். அன்றைக்குப் போலவே இன்றைக்கும் காட்டிக்கொடுக்கவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"நான் வரையலம்மா," என்றேன் மகளிடம். "எல்லாம் அத்தை வரைஞ்சது. ஸ்கூல்ல நான் வாங்குன பரிசும் அத்தையோடதுதான்."

"இப்பவாச்சும் வாயத் தொறந்தியே ண்ணா," என்று தங்கை சிரித்தாள். பிறகு நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்பா உனக்குக் கலர் பாக்ஸ் வாங்கிக் குடுத்தாரில்ல, அன்னிக்கு வரையறத வுட்டவதான் நான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஊர்க்கதை சொல்வது போலச் சொன்னாள். "மன்னிச்சிடும்மா," என்றேன்.

"மன்னிப்பெல்லாம் நீயே வச்சிக்கோ. நோட்ட நான் எடுத்துக்கினு போறேன்."

ஆசை யாரை விட்டது? "ஒண்ணாவது வச்சிட்டுப் போயேன்," என்று கெஞ்சினேன்.

"ஒண்ணுகூடக் கெடையாது," என்றவள் என்ன நினைத்தாளோ, கடைசி நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பினாள். நான் தனியாகக் கை வரைந்து பழகிய தாள் அங்கே இருந்தது. தாள் நிறையக் கைகள், ஒன்றுகூட உருப்படி இல்லை. அதை மட்டும் கிழியாமல் பிரித்தெடுத்து நீட்டினாள்.

"இந்தா, இது உன்னுது."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.