பென்சில் சீவுகிற மிஷினைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை

பிள்ளைகளே, உங்கள் அம்மா பென்சில் சீவுகிற மிஷினைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதி வைக்கிறேன். பெரியவனே, நீ அன்றைக்குப் பாதியிலேயே பந்து விளையாடப் போய்விட்டாய். சின்னவளே, நீ எல்லாவற்றையும் கூடவே நின்று பார்த்தாய். ஆனால் உன்னை நீ பார்த்திருக்க முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னவளுக்கு வலது கை விரல்கள் பிறந்ததிலிருந்தே மடங்காது. எழுதுவது, சாப்பிடுவது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாம் இடது கைதான். எல்லாவற்றுக்கும் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். பென்சில் சீவுவதற்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. அதற்கு இரண்டு கை வேண்டும். ஒன்று ஷார்ப்னரைப் பிடிக்க, இன்னொன்று பென்சிலைத் திருக. ஒருநாள் ஷார்ப்னரைப் பல்லில் கடித்துக்கொண்டு சீவிப் பார்த்தாள். உதடு கிழிந்து, அம்மாவிடம் திட்டு வாங்கினதுதான் மிச்சம்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் சேலத்தில் இருக்கிற உங்கள் அத்தை அந்த மிஷினை வாங்கிக்கொண்டு வந்தாள். பேட்டரி போட்டது. பென்சிலை ஓட்டையில் விட்டு அழுத்தினால் போதும், கர்ரென்று சுற்றி முனையைக் கூராக்கிவிடும். அன்றிலிருந்து சின்னவள் பென்சிலுக்காக ஒருவரிடமும் போய் நின்றதில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. துவைத்த துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. ஒரு சாயங்காலம் சின்னவளின் படநோட்டை எடுத்துப் பார்த்தேன். காப்பித் தோட்டத்துக்கு வருகிற காட்டெருமையை வரைந்திருந்தாள். முந்தின பக்கத்தில் இருந்த எருமைக்கு உடம்பெல்லாம் முடி, ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரியும். இந்த எருமைக்குச் சுற்றிலும் தடியான ஒரு கோடு, அவ்வளவுதான்.

"ஏஞ்சாமி, எருமைக்கு மொட்டை அடிச்சுட்டியா?" என்று கேட்டேன்.

"மிஷினு ஓடலீங்கப்பா."

"அட, இதுக்கா? பென்சிலைக் குடு, நான் சீவித் தர்றேன்."

"வேண்டாங்கப்பா. மொட்டையாவே இருக்கட்டும்."

பெரியவன் பாயில் படுத்தபடியே சொன்னான்: "நானுந்தாங்கப்பா சீவித் தர்றேன்னேன். அடிக்க வர்றா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேட்டால் சீவிக் கொடுக்க வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். கேட்கிறதைவிட வரையாமல் இருப்பதே மேல் என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். மிஷின் ஓடாவிட்டால் நோட்டையே மூடி வைத்துவிடுவாள் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அம்மா தையல் மிஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"ஏனுங்க, அதைத் தூக்கிக்கிட்டு எங்க போறீங்க?"

"சேலத்துக்குத்தான். ரிப்பேர் கடையில குடுத்துட்டு வர்றேன்."

"சேலத்துல பென்சில் மிஷினுக்குன்னு யாருங்க கடை வெச்சிருக்காங்க? உங்க மச்சானா? இங்க குடுங்க."

அம்மா மலைத்தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். அந்த மிஷினையும் அவள் ஒரு ரவிக்கையைப் போலத்தான் அணுகினாள். மேசைமேல் பழைய வேட்டித் துணியை விரித்தாள். மிஷினைக் கவிழ்த்து வைத்து, துணிக்கு அளவு குறிக்கிற சாக்கட்டியால் அதைச் சுற்றித் துணியில் கோடு போட்டு, மிஷினைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். முதலில் பேட்டரிகளைக் கழற்றினாள், பிறகு சீவல் விழுகிற குப்பைத் தட்டை உருவி ஓரமாக வைத்தாள். தையல் மிஷினின் சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, அது எந்த மூலையில் இருந்ததோ, துணியில் இருந்த படத்தின் அதே மூலையில் வைத்தாள். நானும் எஸ்டேட் வேலையில் காப்பிப் பழம் தோல் உரிக்கிற மிஷினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். மாட்டி முடித்த பிறகு கையில் இரண்டு திருகாணி மிஞ்சாமல் இருந்ததில்லை. உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

உள்ளே குனிந்து மோந்து பார்த்தேன். சூடுபட்ட பிளாஸ்டிக் வாசனை.

"மோட்டார் போயிருச்சு புள்ள" என்றேன்.

அம்மா வெள்ளைப் பல்சக்கரத்தை விரல் நுனியால் மெல்லத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது.

"போகலீங்க. எதையோ கவ்விக்கிட்டு நிக்குது" என்றாள்.

தையல் ஊசியை எடுத்து, கத்தி சுற்றுகிற இடத்தில் கொஞ்சங்கொஞ்சமாகக் குத்தி இழுத்தாள். சீவல் என்று சொல்ல முடியாது, நனைந்த பஞ்சு மாதிரி திப்பி திப்பியாக வந்தது. கடைசியில் ஒடிந்த பென்சில் கரித்துண்டு ஒன்று துணியில் விழுந்தது. திருகாணிகளை அதனதன் மூலையிலிருந்து எடுத்து மாட்டி, பேட்டரி போட்டு, பென்சிலை விட்டாள். சத்தமே இல்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றேன்.

"நீங்க எப்பவுந்தான் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு, பேட்டரி மூடியை மறுபடி திறந்தாள். உள்ளே தகடுகளில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தாள். அப்போதும் ஓடவில்லை. பெரியவன் பந்தை எடுத்துக்கொண்டு நழுவினது அந்த நேரத்தில்தான். மூன்றாவது தடவையாக ஸ்க்ரூடிரைவரை எடுத்தாளே தவிர, அம்மா முகத்தில் ஒரு சலிப்பு இல்லை. நானாக இருந்தால் மிஷினைத் தூக்கிக் காப்பிச் செடிக்குள் எறிந்திருப்பேன்.

சின்னவள் மேசை ஓரத்தில் தாடையை வைத்து நின்றிருந்தாள். "அம்மா, குப்பைத் தட்டை வெளிய வெச்சிருக்கீங்க. அது உள்ள போகாம மிஷினு ஓடாது" என்றாள்.

அம்மா தட்டைத் தள்ளினாள். டக்கென்று ஒரு சத்தம். பென்சிலை விட்டதும் கர்ரென்று ஓடியது.

"இத்தனை நேரமா ஏங்கண்ணு சொல்லல?"

"நீங்க நொம்ப மும்முரமா இருந்தீங்க."

மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் மிஷின் மறுபடி முனகி நின்றுவிட்டது. தட்டை உருவிப் பார்த்தால் அதே திப்பி, உள்ளே அதே மாதிரி ஒடிந்த கரி. சின்னவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "போதும்மா, விடுங்க. எனக்கு வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

அம்மா அந்தப் பென்சிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திடீரென்று அதன் பின்பக்கத்தைக் கடித்தாள். அப்புறம் என்னிடம் நீட்டினாள்.

"ஏனுங்க, தினமும் களத்துல காப்பிக்கொட்டையைக் கடிச்சுக் கடிச்சுப் பாக்கறீங்களே, நம்ம ஊட்டுப் பென்சிலை ஒருநா கடிச்சுப் பாத்தீங்களா?"

கடித்துப் பார்த்தேன். பல் இறங்கியது. களத்தில் காய வைத்த கொட்டை சரியாகக் காய்ந்துவிட்டால் பல் இறங்காது. உள்ளே ஈரம் இருந்தால் மெத்தென்று பதியும். மூட்டை கட்டலாமா வேண்டாமா என்று அப்படித்தான் பார்ப்போம். அத்தனை வருஷமாக என் பல்லுக்குத் தெரிந்த விஷயம். பென்சில் மரம் மழைக்காற்றைக் குடித்து ஊறிப்போயிருக்கிறது. ஊறின மரத்தைக் கத்தி சீவாமல் பிய்க்கிறது. அது என் புத்தியில் ஏறவில்லை, உங்கள் அம்மா புத்தியில் ஏறியது.

மிஷினை மறுபடி பிரித்துச் சுத்தம் செய்துவிட்டு, வீட்டில் இருந்த பென்சில்களையெல்லாம் ஒரு துணியில் முடிந்தாள். நான் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடப் போனேன். "மேல வெச்சா கலர் பென்சில்ல மெழுகு உருகிருமுங்க" என்று வாங்கி, அடுப்பை ஒட்டின சுவரோரம், சூடு ஆறி வருகிற இடத்தில் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா முடிச்சை அவிழ்த்தாள். "நீயே கடிச்சுப் பாரு கண்ணு."

"பல்லு எறங்கலம்மா."

சின்னவள் பென்சிலை விட்டாள். மிஷின் நிற்காமல் ஓடியது. சுருள் சுருளாகக் காய்ந்த சீவல் தட்டில் விழுந்தது. ஒவ்வொரு பென்சிலாக எல்லாவற்றையும் சீவினாள். பெரியவன் தன் பென்சிலைக் குறுக்கே நீட்டினான். "அண்ணா, வரிசையில வா" என்றாள்.

அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அவள் பென்சிலை அழுத்தும்போது மிஷின் பின்னால் வழுக்கிக்கொண்டு போகிறது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை. வலது முழங்கையை மிஷினுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து, உடம்பைச் சாய்த்து, இடது கையால் அழுத்துகிறாள். ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முழங்கைத் தோல் அந்த இடத்தில் கறுத்துக் காய்த்திருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மாவின் பொறுமையைப் பார்த்து மலைத்தேன் என்றால், இந்தப் பிள்ளையைப் பார்த்து இன்னும் மலைத்தேன்.

அடுத்த நாளும் மழை, களத்தில் வேலை இல்லை. நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். அம்மா தைத்த ரவிக்கைகளைக் கொடுத்து வரப் போயிருந்தாள். பழைய மொபெட் ரப்பர் டியூப் ஒன்றிலிருந்து நான்கு சின்னத் துண்டுகள் வெட்டினேன். மிஷினைக் கவிழ்த்து, திருகாணிகளை மறைக்காமல் நான்கு மூலையிலும் ஒட்டினேன். பசை காய்ந்ததும் அதன் இடத்திலேயே வைத்து, வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால் ஒரு பென்சிலை விட்டு அழுத்திப் பார்த்தேன். மிஷின் நகரவில்லை.